மாமாவைக் கேட்க யாரும் இல்லாமல் போனது எப்போது?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். என்னையும் தங்கையையும் படிக்கவைத்தவர் தாய்மாமா. அன்று அவரிடம் இருந்தது ஒரே ஒரு வத்தை என்னும் சின்ன நாட்டுப்படகு. இன்று மூன்று விசைப்படகு, ஓர் ஐஸ் பேக்டரி, ஒரு நண்டுக் கம்பெனி. பி.காம். முடித்த நான் அவரிடம்தான் கணக்கு பார்க்கிறேன். நண்டு எடை போடும்போது பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைத் ‘தண்ணீர்க் கழிவு’ என்று குறைக்கிறார். முன்பணம் வாங்கியவர்கள் வேறு கம்பெனிக்கு நண்டு கொடுக்க முடியாது என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை. சென்ற மாதம் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் சாக்குகளில் காய்ந்த கடல் அட்டையைப் பார்த்தேன். அதைக் கருவாடு என்று கணக்கில் எழுதச் சொன்னார். இன்னும் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் தன் மகளை எனக்கே கொடுப்பதாகப் பேசுகிறார். ஒரு காலத்தில் பசியோடு வந்தவனுக்குத் தன் சோற்றைக் கொடுத்த மனிதர் அவர். பணம் பெருகினால் மனிதன் கெட்டுத்தான் போவானா? நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாக்குகளைக் கருவாடு என்று எழுதாதீர்கள். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போடுவதையும் நிறுத்துங்கள்; எழுத மாட்டேன் என்று மாமாவிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். 2001ஆம் ஆண்டு கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பிடிப்பது, அவித்துக் காயவைப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே சிறைக்குப் போகும் குற்றம். பொய்க் கணக்கு எழுதிய கை உங்களுடையது என்றால், நாளை வனத்துறை வந்து நிற்கும்போது ‘மாமா சொன்னார்’ என்பது உங்களைக் காப்பாற்றாது.

இந்தத் தடையே தவறு என்று நம் கரையில் பல மீனவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். அக்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிக்கொண்டு பிடிக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மனுவாகவும் போராட்டமாகவும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உங்கள் மாமாவின் கொட்டகையில் நடப்பது அந்தப் போராட்டம் இல்லை. மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுப்பவனும், இரவில் படகில் ஏற்றிக்கொண்டு போகிறவனும் அகப்படுவார்கள். செய்தியில் அவர்கள் பெயர்தான் வரும். சாக்குக்கு உரியவர் கரையில் இருப்பார். ஏழை செய்யும் தப்புக்கும் பணக்காரர் செய்யும் தப்புக்கும் இந்த ஒரு வித்தியாசம் எப்போதும் உண்டு: பணம் இருந்தால் தப்பைச் செய்யவும் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். உங்களைக் கணக்கில் எழுதச் சொன்னதும் அந்த வகையில்தான் சேரும். வருத்தமாக இருந்தாலும் இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். பணம் பத்தும் செய்யும் என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏனென்றால் நீங்கள் இருக்கும் இதே கரையில்தான் கீழக்கரைச் சீதக்காதியும் இருந்தார். 17ஆம் நூற்றாண்டில் கடல் வணிகத்தில் பெரும் பொருள் சேர்த்தவர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். பொன்னும் நெல்லும் ஒரே விலைக்கு விற்ற பஞ்சத்திலும் அவர் வீட்டில் சோறு போடுவது நிற்கவில்லை என்று படிக்காசுப் புலவர் பாடினார். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று இன்றும் எழுத்தறியாத கிழவிகூடச் சொல்கிறாள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியையும் நினைத்துப்பாருங்கள். விவேகானந்தர் 1893இல் சிகாகோ செல்ல ஊக்கமும் உதவியும் தந்தவர்களில் ஒருவர். கொடுத்துக் கொடுத்தே கடனாளியாகி, முப்பத்தைந்து வயதிலேயே 1903இல் மறைந்தார். செல்வம் வந்தாலே மனிதன் கெடுவான் என்பது உண்மையானால் இவர்களை நாம் எங்கே வைப்பது?

ஆராய்ச்சிக்காரர்களும் இதை அளந்து பார்க்க முயன்றார்கள். 2012இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பிஃப் என்பவரும் உடனிருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த கார் ஓட்டுகிறவர்கள், பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்தில் நிற்காமல் போவது அதிகம் என்றது அது. உலகம் முழுவதும் பேசப்பட்டது. பிறகு வேறு சிலர் இத்தகைய சோதனைகளைச் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே முடிவு வரவில்லை. ஆகவே விஞ்ஞானத்தைக் காட்டி உங்கள் மாமாவைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது, தப்பிக்க விடவும் முடியாது.

நான் நம்புவதைச் சொல்கிறேன். பணம் சேரச் சேர ஒரு மனிதனை நேருக்கு நேராகக் கேள்வி கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கேடு தொடங்கும் இடம் அதுதான். வத்தை ஓட்டிய காலத்தில் உங்கள் மாமா மீனைக் கொண்டுவந்து கரையில் கொட்டினால், ஏலம் கூறுகிறவர் பேசுவார், பக்கத்து வத்தைக்காரர் பேசுவார், பங்குக்கு நிற்கும் ஆள் பேசுவார். ஒரு கிலோ குறைந்தால் அங்கேயே சத்தம் வரும். இன்று தராசும் அவருடையது, தராசில் நிற்கும் பையனும் அவருடைய சம்பளக்காரன், நண்டு கொண்டுவருகிறவர் அவரிடம் முன்பணம் வாங்கியவர். அந்தக் காட்சியைச் சற்று யோசியுங்கள். விடியற்காலையில் வலையிலிருந்து கால் ஒடியாமல் ஒவ்வொரு நண்டாகக் கழற்றி, விரல் எல்லாம் கீறலோடு ஒருவர் கூடையை வைக்கிறார். முள் பத்தில் நிற்கிறது. புத்தகத்தில் ஒன்பது என்று எழுதுகிறார்கள். அவர் புத்தகத்தைப் பார்க்கிறார், உங்களைப் பார்க்கிறார், கூடையை எடுத்துக்கொண்டு போகிறார். அந்த ஒரு கிலோ மாமாவுக்குச் சின்னத் தொகை. அதை எடுத்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் அவரைக் கெடுத்தது. முதல் நாள் சத்தம் வந்திருந்தால் இரண்டாம் நாள் குறைத்திருக்க மாட்டார்; கொட்டகைக்குச் சாக்கும் வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மாமா மீது இரக்கம் வைத்தே சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பேராசை. உள்ளே பல நேரம் அது பயமாக இருக்கும். வத்தைக்காரருக்கு நாளைய சாப்பாட்டுக் கவலை. மூன்று விசைப்படகுக்காரருக்கு வட்டி, டீசல், ஐஸ், வலை, ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வருமானம் நிற்கும், வட்டி நிற்காது. எல்லை தாண்டியதாகப் படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால் முழுசாகத் திரும்பி வருவது அரிது. இழக்கப் பயப்படும் அளவுக்குச் சொத்து வந்தபின், ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று மனம் கேட்கும். அவர் தப்பை இது நியாயப்படுத்தாது. ஆனால் அவரிடம் பேசப் போகும்போது இதைத் தெரிந்துகொண்டு போனால் உங்கள் வார்த்தை வேறு விதமாக வரும்.

நம் முன்னோர் மனிதரின் நல்ல மனதை மட்டும் நம்பிக்கொண்டு உட்காரவில்லை என்பதும் இந்தக் கரையிலேயே தெரிகிறது. விசைப்படகுகள் பெருகி நாட்டுப்படகு வலைகளை அறுத்துக்கொண்டு போன 1970களில் கைகலப்பும் மோதலும் நடந்தன. அதன்பின் வந்த ஏற்பாடுதான் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்பது. பெரிய படகுக்காரர்கள் எல்லாரும் திடீரென்று நல்லவர்கள் ஆகிவிடவில்லை. எதிரே நின்று கேட்க ஆட்கள் இருந்தார்கள், அதனால் வரம்பு வந்தது. இந்த ஏற்பாட்டைப் பற்றி இன்றும் சண்டை உண்டு. ஆனாலும் சின்னப் படகுக்காரர் தமக்குரிய நாளில் கடலுக்குப் போகிறார்.

இப்போது உங்கள் மாமாவைக் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள். அதைத் துரோகம் என்று நினைக்காதீர்கள். சோறு போட்டவரிடம் நன்றியோடு இருப்பது வேறு, அவர் சொல்லும் பொய்யைக் கையால் எழுதுவது வேறு. கம்பெனியில், ஆட்கள் முன்னால் பேச வேண்டாம். அவமானப்பட்ட மனிதர் கேட்க மாட்டார். அத்தை இருக்கும்போது வீட்டில் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அத்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் வத்தைக் காலத்தில் அவரோடு கஷ்டப்பட்ட மனுஷி அவர்தானே, அவருக்குத் தெரியட்டும். ‘மாமா, நீங்கள் மாறிவிட்டீர்கள்’ என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். இரண்டே இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். சாக்குகள் கொட்டகையை விட்டுப் போக வேண்டும், இனி வரக்கூடாது. தண்ணீர்க் கழிவை நிறுத்த வேண்டும். நண்டை வடியவைத்து எடை போட்டால் கழிவுக்குத் தேவையே இல்லை. தராசு முள்ளை நண்டு கொண்டுவந்தவரும் பார்க்கட்டும், எடையை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுக்கட்டும். கணக்கு பார்க்கும் நீங்கள் ஒரு மாதக் கழிவைக் கூட்டி, அது மொத்த வரவில் எவ்வளவு சிறிய பங்கு என்று அவருக்குக் காட்டுங்கள். வியாபாரிக்கு எண் புரியும்.

அவர் கோபப்படலாம். ‘உன்னைப் படிக்கவைத்தது இதற்கா?’ என்று கேட்கலாம். ‘ஆமாம் மாமா, இதற்குத்தான்’ என்று சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சை இதோடு கலக்காதீர்கள். மாமா சொன்னார், நீங்கள் யோசிக்கிறீர்கள், ஆனால் அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று யாராவது கேட்டீர்களா? அவளுக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்பதும், நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பதால் வரக்கூடியவை பற்றி மருத்துவரிடம் கேட்பதும் தனியாகப் பேச வேண்டியவை. வாயை அடைக்கத்தான் பெண்ணைக் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் உங்களுக்குத் துளி இருந்தாலும், கொட்டகை காலியாகும்வரை சம்மதம் சொல்லாதீர்கள். அவளுக்கும் அது நல்லதல்ல.

மாமா கேட்கவில்லை என்றால் வேலையை விட்டு வெளியே வாருங்கள். பி.காம். படித்தவர், ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை தேடலாம். தங்கையின் படிப்பு பாதியில் இருந்தால் முதலில் அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். போகும்போது கணக்குப் புத்தகங்களை எந்தத் தேதிவரை எழுதினீர்கள் என்று குறித்து, ஒப்படைத்ததற்கு மாமாவிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஏதாவது வங்கிக் கணக்கோ ஜி.எஸ்.டி. பதிவோ படகு ஆவணமோ கம்பெனிக்காக எடுத்திருந்தால், அதிலிருந்து பெயரை நீக்கிய பிறகே ஊரை விட்டுக் கிளம்புங்கள்.