கல்லடி ஸ்டூடியோவில் ஃபோட்டோ பிரிண்டரின் தாள் மாற்றியதும் படங்களில் தோல் நிறம் சிவப்படிக்கிறது. அச்சிட்ட நிறக் கட்டங்களை அளந்து ப்ரொஃபைல் (அந்தத் தாளில் பிரிண்டர் நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) செய்வது எப்படி?

தாள் மாறினால் ப்ரொஃபைலும் மாறத்தான் வேண்டும். முதலில் நாசில் செக், அதாவது மைத் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அச்சு. ஒரு கோடு விட்டிருந்தாலும் நிறுத்துங்கள். அந்தக் குறையும் ப்ரொஃபைலில் பதிந்துவிடும்.

ஆர்கில் என்ற இலவச மென்பொருளில் 800 ஆர்ஜிபி கட்டங்கள் உருவாக்கினால் தாராளம். பலர் சறுக்குவது அச்சிடும்போதுதான்: கலர் மேனேஜ்மென்ட், அதாவது மென்பொருள் தானாக நிறத்தைத் திருத்துவது, எங்கேயும் இயங்கக்கூடாது. இப்போதைய ஃபோட்டோஷொப்பில் அதை முற்றாக அணைக்க வழியில்லை, அடோபியின் கலர் பிரிண்டர் யூடிலிட்டியில் அச்சிடுங்கள். பிரிண்டர் டிரைவரிலும் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) அதை அணையுங்கள். தாள் வகை, தரம் இரண்டையும் குறித்து வையுங்கள். பிறகு அவற்றில் ஒன்றை மாற்றினாலும் ப்ரொஃபைல் பொருந்தாது.

ஒரு நாள் காயவிடுங்கள். மட்டக்களப்பு மாரியில் காற்றே ஈரம், அதனால் கார்த்திகை, மார்கழியில் இரண்டு நாள் விடுவது நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

அளக்கும்போது தாளுக்கடியில் இரண்டு மூன்று வெள்ளைத் தாள் வையுங்கள், இல்லாவிட்டால் மேசை நிறமும் சேர்ந்து பதிவாகும். ஸ்பெக்ட்ரோவை (நிறம் அளக்கும் கருவி) கட்டங்களின் மேல் ஒரே வேகத்தில் இழுங்கள். மலிவான ஃபோட்டோ தாள்களில் வெண்மையூட்டி (புற ஊதா பட்டால் நீலமாக ஒளிரும் பொருள்) அதிகம். கருவி அதை நீலமாகப் பார்க்கிறது, ப்ரொஃபைல் ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டுகிறது, சாம்பல் நிறம் பழுப்படிக்கிறது. அப்படி நடந்தால் எம்2 முறையில், அதாவது புற ஊதாவை விலக்கி, அளந்து பாருங்கள்.

ப்ரொஃபைல் உருவானதும் அதைச் சரிபார்க்க ஆர்கிலின் ப்ரொஃப்செக் ஓட்டுங்கள். சராசரி டெல்டா ஈ (நிற வித்தியாசத்தின் அளவு) 2க்குள் இருந்தால் போதும். ஒரே ஒரு வரிசை மட்டும் 5க்கு மேல் காட்டினால் அதை மட்டும் திரும்ப அளங்கள். கல்யாணப் படங்களை அச்சிடும்போது நிறம் மாற்றும் முறையாக ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கைத் தெரியுங்கள், பிளாக் பொயின்ட் கொம்பன்சேஷனுடன் (படத்தின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்துவது). டிரைவரின் கலர் மேனேஜ்மென்ட் அப்போதும் அணைந்தே இருக்கட்டும்.