'வரலைன்னா ரிசைன் பண்ணதா எடுத்துக்குவோம்'னு சொல்றாங்க, என்ன பண்றது?

கேள்வி: இங்கிலாந்துல ஒரு பேக்கிங் வேர்ஹவுஸ்ல 9 வருஷமா வேலை பார்க்கிறேன், வயசு 44. இப்ப அதை மூடப்போறாங்க. 70 மைல் தள்ளி இருக்கிற கிளைக்கு வாங்க, இல்லைன்னா நீங்களே வேலையை விட்டதா எடுத்துக்குவோம்னு மேனேஜர் சொல்றார். மனைவிக்கு வேலை, பசங்களுக்கு ஸ்கூல் எல்லாம் இங்கதான்.

பதில்: தம்பி, ராஜினாமா லெட்டர் மட்டும் குடுத்துடாதீங்க. நம்ம ஆளுங்க பலபேர் மேனேஜர் மனசு நோகக்கூடாதுன்னு கேட்ட இடத்துல எல்லாம் சைன் போட்டுட்டு வந்துடறாங்க, எனக்கு அதை நினைச்சாலே ஆத்திரமா வருது. வேலை பார்க்கிற இடத்தை மூடறதால வேலை போச்சுன்னா பிரிட்டன்ல 1996 எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் ஆக்ட்படி அதுக்குப் பேரு ரிடண்டன்சி, ரெண்டு வருஷம் முடிச்சிருந்தாலே அதுக்குப் பணம் உண்டு.

உங்களுக்கு 41 வயசுக்கு அப்புறமான 3 வருஷத்துக்கு ஒன்றரை வார சம்பளம் வீதம் நாலரை, அதுக்கு முந்தின 6 வருஷத்துக்கு வருஷத்துக்கு ஒரு வார சம்பளம் வீதம் ஆறு, ஆக பத்தரை வார சம்பளம் வரணும், ஆனா வார சம்பளத்துக்கு அரசு ஒரு உச்சவரம்பு வச்சிருக்கு. இதுபோக 9 வார நோட்டீஸ், எடுக்காத லீவுக்கான காசு தனி. வேற வேலை தேட நியாயமான அளவு நேரமும் குடுக்கணும்.

இப்ப காண்ட்ராக்டை எடுத்துப் பாருங்க. கம்பெனி சொல்ற எந்தக் கிளைக்கும் போகணும்னு ஒரு வரி இருக்கா? மொபிலிட்டி கிளாஸ்னு சொல்வாங்க. இருந்தா கொஞ்சம் சிக்கல்தான், அதைக் காட்டி முறைப்படி வரச்சொல்லி நீங்க மறுத்தா பணம் கிடைக்காம போகலாம், ஆனா அவங்களும் போதுமான அவகாசம் குடுத்து நியாயமா நடந்துக்கணும். அந்த வரி இருக்குங்கிறதாலேயே எல்லா ஊரும் உங்க வேலை இடம் ஆயிடாது, நிஜத்துல எங்க வேலை பார்த்தீங்கன்னுதான் பார்க்கணும்னு 1997ல வெயிட்ரஸ்கள் போட்ட ஒரு வழக்குல அப்பீல் கோர்ட்டே சொல்லியிருக்கு.

அந்த வரி இல்லைன்னா அவங்க குடுக்கிறது வெறும் மாற்று வேலை, அவ்வளவுதான். அந்த வேலை உங்களுக்குப் பொருந்தலைன்னாலோ, மறுக்க நியாயமான காரணம் இருந்தாலோ பணம் போகாது, தினம் 140 மைல் அலைச்சலும் பசங்க படிப்பும் அப்படி எடுத்துச் சொல்லக்கூடிய காரணம்தான். போய்ப் பார்த்துத்தான் முடிவு பண்ணனும்னு தோணினா 4 வாரம் டிரையல் இருக்கு, ஒத்துவரலைன்னா அந்த 4 வாரத்துக்குள்ளயே எழுத்துல சொல்லிடுங்க, ஒருநாள் தாண்டினாலும் கஷ்டம்.

அந்த இடத்துல 20 பேர் இல்ல அதுக்கு மேல வேலை இழக்கிறாங்கன்னா யூனியனோடயோ நீங்க தேர்ந்தெடுத்த ஆளுங்களோடயோ குறைஞ்சது 30 நாள் முன்னாடியே பேச்சுவார்த்தை ஆரம்பிக்கணும், 100 பேர்னா 45 நாள். யாராவது பேசினாங்களான்னு கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட கேளுங்க.

வேலை இடத்துப் பிரச்சினைக்கு ஆலோசனை சொல்ற ஏகாஸ் (Acas) அமைப்போட ஹெல்ப்லைனுக்குப் போன் போடுங்க, காசு கிடையாது. ரிடண்டன்சி பணத்துக்கு கேஸ் போட 6 மாசம் டைம், மத்த புகாருக்கு கெடு அதைவிடக் குறைவா இருக்கலாம், அதனால தள்ளிப்போடாதீங்க. இன்னைக்கே மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்புங்க: "நான் ராஜினாமா பண்ணலை. என்னை எந்த அடிப்படையில இடம் மாத்தறீங்க, ரிடண்டன்சி பணம் எவ்வளவுன்னு எழுத்துல குடுங்க." காப்பி ஒண்ணு உங்க சொந்த மெயிலுக்கும் போகட்டும், கம்பெனி மெயிலை எப்ப வேணா மூடிடுவாங்க.