இங்கிலாந்தில் மாவட்ட மன்றம் பிறக்கும் முன்பே அதற்குத் தேர்தல் நடந்தது ஏன்?

1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இங்கிலாந்தின் பழைய நகர, ஊரக மன்றங்களைக் கலைத்து, பலவற்றை ஒன்றாக்கிப் புதிய மாவட்ட மன்றங்களை அமைத்தது. பெருநகரப் பகுதிகளுக்கு வெளியே இருந்த 296 மாவட்டங்களுக்கு முதல் தேர்தல் 7 ஜூன் 1973 அன்று நடந்தது. அதிகாரம் கைக்கு வந்ததோ 1 ஏப்ரல் 1974 அன்றுதான். இடைப்பட்ட மாதங்களில் அவை வெறும் ‘நிழல்’ மன்றங்கள்.

காரணம் எளிது. குப்பை அள்ளுவதும் மன்றத்துக்குச் சொந்தமான வீடுகளின் வாடகை வசூலும் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. அதனால் அதிகாரம் கைக்கு வருவதற்குள் தலைமை அதிகாரியை நியமிக்க வேண்டும், யார் எந்த அலுவலகத்தில் உட்காருவது என்று முடிவெடுக்க வேண்டும், முதல் ஆண்டின் வரவுசெலவையும் வரியையும் தீர்மானிக்க வேண்டும். மளிகைக்கடையை விலைக்கு வாங்கியவர், சாவி கைக்கு வரும்வரை பழைய முதலாளியின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பாரே, அப்படித்தான். (சண்டைக்கும் குறைவிருக்காது; இணைக்கப்பட்ட ஊர்கள் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை.)

தேர்தல் முடிந்ததுமே பழைய மன்றங்கள் கலைந்துவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். அவை 31 மார்ச் 1974 வரை அதிகாரத்தோடு இயங்கின, ஒரே ஆள் இரண்டு மன்றத்திலும் உறுப்பினராக இருப்பதற்குத் தடையும் இல்லை.