'ரேர்லி' என்றால் 'எப்போதாவது' என்று பொருளா?

ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'ரேர்லி' என்ற சொல்லைத் தமிழில் 'எப்போதாவது' என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பேன். எனக்கு அது புரிந்தது அம்மாவின் மாத்திரைப் பெட்டியால்.

சென்ற ஆண்டு ரத்த அழுத்தத்துக்காக அம்மாவுக்குப் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் பல மடிப்பாக இருந்த மெல்லிய தாளைப் பிரித்து, பொடி எழுத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மயக்கத்தைப் பற்றிய வரியில் 'ரேர்லி' இருந்தது. "எப்போதாவது மயக்கம் வரும்" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் மூன்று நாள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போகவில்லை. குளியலறைக் கதவைத் தாழிடாமலே குளித்தார். ஏன் என்று கேட்டதற்கு, "என்றைக்காவது ஒரு நாள் வரும் என்று நீதானே சொன்னாய்?" என்றார்.

அவர் புரிந்துகொண்டதில் பிழையே இல்லை. 'எப்போதாவது வரும்' என்றால் வருவது உறுதி, நாள்தான் தெரியாது என்றும் பொருள்படும். 'ரேர்லி' சொல்வதோ, பெரும்பாலும் வராது என்பதை. மருந்துத் தாளில் இதற்கு அளவே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கப்படி, ஒரு பக்கவிளைவை 'ரேர்' என்று குறித்தால் அது 1,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். 10,000 பேரில் ஒருவர் என்ற அளவுக்குக் கீழே போனால் 'வெரி ரேர்'.

'ரேர்லி' என்ற சொல்லுக்கு உருவத்தில் எதிர்மறை இல்லை, குணத்தில் இருக்கிறது. 'செல்டம்', 'ஹார்ட்லி எவர்' இரண்டும் இதன் உறவுக்காரர்கள்; 'செல்டம்' கொஞ்சம் ஏட்டு வாசனை உள்ளது. 'ஹீ ரேர்லி கம்ஸ்' என்ற வாக்கியத்தின் பின்னால் 'இல்லையா?' என்று ஒட்ட வேண்டுமானால் 'டஸ் ஹீ?' என்றுதான் ஒட்டுவார்கள், 'டசன்ட் ஹீ?' என்று அல்ல. வாக்கியத்திலேயே எதிர்மறை இருப்பதாக ஆங்கிலம் கருதுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வாக்கியத்தின் தலையில் வைத்தாலும் 'நெவர்' போலவே சொல்வரிசையைப் புரட்டிவிடும்: 'ரேர்லி ஹேவ் ஐ சீன்...'

நம்மவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். 'அதிகம் வருவதில்லை' என்று மனத்தில் நினைத்து, 'ஹீ ரேர்லி டசன்ட் கம்' என்று எழுதிவிடுகிறோம். அதற்கு அவர் வராமல் இருப்பது அபூர்வம், அதாவது அநேகமாக எப்போதும் வந்துவிடுவார் என்று பொருள் ஆகிவிடும்.

'எப்போதாவது' என்பதை 'அக்கேஷனலி'க்கு வைத்துக்கொள்ளுங்கள். 'தான்' ஒன்று சேர்த்து 'எப்போதாவதுதான் வருவார்' என்றால் 'ரேர்லி'க்கு அருகில் வந்துவிடும்; தமிழில் அந்த ஒரு 'தான்' செய்யும் வேலை எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. ஆங்கிலம் வினைக்கு முன்னால் வைக்கும் இந்தச் சொல்லைத் தமிழில் வாக்கியத்தின் முடிவுக்குக் கொண்டுபோய்விடுவேன்: 'அவர் காபி குடிப்பது அபூர்வம்', 'அங்கே மழை பெய்வது அரிது'. இல்லையென்றால் 'அதிகம் குடிக்க மாட்டார்' என்று எதிர்மறையாகவே சொல்லிவிடலாம்.

அம்மாவிடம் அந்த வரியை மறுபடி படித்தேன். "மயக்கம் வருவது அபூர்வம்."

"அதை அன்றைக்கே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றவர், ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.