அம்மா, இது இப்ப எங்கட வீடு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 54 வயது, ஊர் மட்டக்களப்பு. இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் வழக்கப்படி மூத்தவளுக்கு நாங்கள் இருந்த வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்தோம். அதே வளவின் பின்பக்கம் இளையவளுக்கென்று ஒரு வீடு கட்டி, அவளோடு அங்கே குடிபோனோம். மேசன் வேலை செய்யும் என் கணவருக்கு அதைக் கட்டி முடிக்க 11 வருடம் பிடித்தது.

போன கிழமை மூத்த மருமகன் குசினிப் பக்கத்து முருங்கையை வெட்டிவிட்டார். நான் சத்தம் போட்டேன். மகள், "அம்மா, இது இப்ப எங்கட வீடு" என்றாள். அன்றிலிருந்து பேச்சில்லை. ஆவணியில் இளையவளுக்குக் கலியாணம். இந்த வீடும் அவளுக்குத்தான். அப்புறம் நாங்கள் எங்கே போவது?

1994இல் எனக்குக் கலியாணம் நடந்தபோது என் அம்மாவும் இப்படித்தான் வீட்டை விட்டுத் தந்து பின்னால் போனார். அவர் அழவில்லை. நான்தான் பேராசைக்காரியோ?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் அம்மா அழவில்லை என்கிறீர்கள். நீங்கள் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிறது. புதுப்பெண்ணுக்கு அதைக் கவனிக்க நேரம் ஏது? உங்கள் மகளுக்கும் அப்படித்தான்.

உங்கள் பக்கத்து வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது, வீடும் தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. மாமியார் வீட்டில் ஒண்டிக்கொண்டு நிற்கும் நிலை பெண்ணுக்கு இல்லை, அக்கா தங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். ஆனால் அதற்கான செலவைப் பெற்றவர்கள்தான் சுமக்கிறார்கள். (அண்ணன் தம்பி இருந்தால் அவர்களும்தான். தங்கைக்கு வீடு முடியும்வரை தங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட எத்தனை பேர்!) முப்பது வருடம் கூட்டிப் பெருக்கிய முற்றத்தில் கேட்டுக்கொண்டு நுழைய வேண்டியிருப்பது பெரிய இழப்பு. அதற்குப் பேராசை என்று பெயரில்லை.

மூத்தவளிடம் முருங்கைக் கதையை எடுக்காதீர்கள். 1994இல் அம்மம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன கதையைச் சொல்லுங்கள். அவள் அதைக் கேட்டிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

இளையவளின் வீட்டுக்கு உறுதி (சொத்துப் பத்திரம்) இன்னும் எழுதவில்லை என்றால், உங்கள் இருவருக்கும் சீவிய உரித்து வைத்து எழுதும்படி, பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் கேளுங்கள். வீடு மகளுக்குத்தான், ஆனால் நீங்கள் இருக்கும்வரை அங்கே குடியிருக்க உங்களுக்கு உரிமை இருக்கும். கடைசி மகளோடு பெற்றவர்கள் தங்கிவிடுவது உங்கள் ஊரில் புதிதுமில்லை. உறுதி எழுதப் போகும் நாளில் அவளையும் கூட்டிப் போங்கள். பிறகு யாரோ சொல்லித் தெரிந்தால் அவளும் கோபித்துக்கொள்வாள்.