பித்தப்பைக் கல்: அது வெறும் 'கேஸ்' வலிதானா?

கேள்வி: எனக்கு வயது 46. முழு உடல் பரிசோதனையில் எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் 12 மி.மீ. கல் இருப்பதாகச் சொன்னார்கள். விருந்து சாப்பிட்டால் எப்போதாவது இரவில் கேஸ் வலி வரும். மற்றபடி தொந்தரவு இல்லை. ஆபரேஷன் அவசியமா? வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையாதா?

பதில்: கல்லின் அளவைவிட, அந்தக் 'கேஸ் வலி'யைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது. பித்தப்பையில் கல் உள்ள பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் வருவதில்லை. வலியே இல்லாத கல்லுக்குப் பொதுவாக ஆபரேஷன் தேவையில்லை. 3 செ.மீ.க்கு மேல் பெரிய கல், பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்புப் படிவு, கூடவே 1 செ.மீ.க்கு மேல் பாலிப் (உட்சுவரில் வளரும் சிறு சதை) போன்றவை இருந்தால், புற்றுநோய் அபாயம் கருதிப் பித்தப்பையை எடுத்துவிடச் சொல்வோம்.

உங்கள் வலியை நினைவுபடுத்திப் பாருங்கள். பிரியாணி, பஜ்ஜி போல எண்ணெய் மிகுந்த உணவு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும். அப்போது பித்தப்பையின் வாய்ப்பகுதியில் கல் அடைத்துக்கொண்டால் நடுவயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ இறுக்கிப் பிடிக்கும். வலது தோள்பட்டை வரை பரவும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் விடாது. 30 நிமிடம் முதல் சில மணி நேரம் நீடித்து, கல் விலகியதும் அடங்கிவிடும். சோடா குடித்ததால் சரியானது என்று நாம் நம்பிவிடுகிறோம். கேஸ் என்றால் ஏப்பம் விட்டாலோ காற்றுப் பிரிந்தாலோ குறைய வேண்டும். உங்களுடையது அப்படிக் குறையவில்லை என்றால் அது கல்லின் வலியாக இருக்கலாம். ஒருமுறை வந்த வலி பெரும்பாலும் திரும்ப வரும். அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்து, நிதானமாக நாள் குறித்து லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) பித்தப்பையை எடுத்துக்கொள்வதே நல்லது.

தள்ளிப்போடக் கூடாத நிலைகளும் உண்டு. வலி 5, 6 மணி நேரத்தைத் தாண்டினாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ பித்தப்பை அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் கல் பித்தக்குழாயில் இறங்கியிருக்கலாம். அதோடு குளிர் நடுக்கமும் வந்தால் உயிருக்கே ஆபத்து. முதுகு வரை துளைக்கும் வலியும் விடாத வாந்தியும் கணைய அழற்சியின் அடையாளம். சின்னக் கல்தான் குழாய்க்குள் எளிதில் நழுவும் என்பதால், 'சின்னதுதானே' என்று இருக்க வேண்டாம். இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கவனம் தேவை. வலி அதிகம் தெரியாமலே கிருமித்தொற்று முற்றிவிடும்.

வாழைத்தண்டுச் சாறு பித்தப்பைக் கல்லைக் கரைக்காது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தபின் மலத்தில் பச்சையாக வரும் உருண்டைகளும் கல் அல்ல. அந்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பு போலத் திரண்டு வருகிறது. கரைக்கும் மாத்திரை சில சின்னக் கொழுப்புக் கற்களுக்கு மட்டும், அதுவும் பல மாதம் சாப்பிட்டால், பலன் தரும். நிறுத்தினால் பலருக்குக் கல் மறுபடி வருகிறது.

'கல்லை மட்டும் எடுத்தால் போதாதா?' என்றும் கேட்பீர்கள். கல்லை உருவாக்கும் பையை விட்டுவைத்தால் மறுபடி உருவாகும். அதனால்தான் பையையே எடுக்கிறோம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேமித்து மட்டுமே வைக்கிறது. எடுத்தபின் சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகும், அவ்வளவுதான்.

ஒன்றை மறக்காதீர்கள்: மேல்வயிற்று வலியோடு வியர்த்துக்கொட்டினாலோ மூச்சு வாங்கினாலோ, அது மாரடைப்பாகவும் இருக்கலாம்; கல் இருப்பது தெரிந்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.