ஃபயர்வால் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு நினைவகப் பயன்பாடு மூன்று மடங்காகிவிட்டது. இது நினைவகக் கசிவா, அதாவது எடுத்த நினைவகத்தை மென்பொருள் திருப்பித் தராமல் போவதா? பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாமா?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரங்களை முதலில் ஒருமுறை எழுதிவிடுகிறேன். இதே சிக்கலோடு பின்னால் வருபவர்களுக்கு உதவும். சுமார் நாற்பது பேர் பணிபுரியும் அலுவலகம். 4 ஜிபி நினைவகம் உள்ள சிறு கணினியில் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளின் 2.5.2 பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. வட்டை மாற்றி, 2.7.2 பதிப்பைப் புதிதாக நிறுவி, பழைய அமைவுக் கோப்பை மீட்டிருக்கிறார். முன்பு முகப்புப் பக்கத்தில் 20 சதவீதமாக இருந்த நினைவகப் பயன்பாடு இப்போது 60 சதவீதமாகக் காட்டுகிறது. ஊடுருவல்களைக் கண்காணிக்கும் சுரிக்காட்டா, இணையப் பக்கம் (வேன்), அலுவலக வலைப் பக்கம் (லேன்) என இரண்டு இடைமுகங்களிலும் இயங்குகிறது, தடைப் பட்டியல்களைக் கையாளும் பிஎஃப்பிளாக்கர் உண்டு. நினைவக நிலவரம் காட்டும் டாப் கட்டளையில் வயர்ட் 1600 எம்பி, ஆக்டிவ் 750 எம்பி, ஏஆர்சி 1050 எம்பி (இவை என்ன என்பது கீழே), ஸ்வாப் (நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) பயன்பாடு பூச்சியம். இணைய வேகத்தில் குறை ஒன்றும் இல்லை.

இந்த எண்களை வைத்துச் சொன்னால், இது கசிவு அல்ல. 20 சதவீதம் என்பது ஏறத்தாழ 800 எம்பி. 60 சதவீதம் என்பது ஏறத்தாழ 2400 எம்பி. கூடியிருக்கும் 1600 எம்பியில் 1050 எம்பி ஏஆர்சி, அதாவது படித்த கோப்புகளைக் கோப்பு முறைமை தனக்காக நினைவகத்தில் வைத்திருக்கும் கேஷ். மீதி 550 எம்பியில் பெரும்பங்கு சுரிக்காட்டாவினுடையதாக இருக்கும் என்பது என் கணிப்பு. அதை எப்படி உறுதிசெய்வது என்று கீழே சொல்கிறேன். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் இப்படியே விட்டுவிடவும் வேண்டாம், ஏனென்றால் 4 ஜிபி உள்ள கருவியில் இந்த அமைப்பு ஒரு குறிப்பிட்ட தருணத்தில் நெருக்கடிக்கு உள்ளாகலாம்.

முதலில், அந்தச் சதவீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிஎஃப்சென்ஸுக்கு அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளம், நினைவகத்தை ஆக்டிவ் (அண்மையில் பயன்படுத்தியது), இன்ஆக்டிவ், லாண்டரி (வட்டில் எழுதிய பிறகே விடுவிக்கக்கூடியது), வயர்ட், ஃப்ரீ (காலி) என்று பிரித்து வைத்திருக்கிறது. முகப்புப் பக்கத்து எண், மொத்தத்திலிருந்து ஃப்ரீ, இன்ஆக்டிவ் ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதைப் 'பயன்பாட்டில் உள்ளது' என்று காட்டுகிறது. இன்ஆக்டிவ் என்பது, கெர்னல் (இயக்குதளத்தின் மையப் பகுதி) கேட்டால் உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய பழைய பக்கங்கள்; ஆகவே அதைக் கழிப்பது நியாயமானதுதான். வயர்ட் என்பது கெர்னல் தன் கையில் பிடித்து வைத்திருப்பது, ஸ்வாப்புக்கு அனுப்ப முடியாதது. அது முழுவதும் பயன்பாடாகவே எண்ணப்படுகிறது.

இங்கேதான் உங்கள் விஷயத்தின் மையம் இருக்கிறது. 2.5.2 வரை நிறுவியில் இயல்பாகத் தேர்வாகும் கோப்பு முறைமை யுஎஃப்எஸ். 2022 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.0 முதல் அது இசட்எஃப்எஸ். இருந்த இடத்திலேயே பதிப்பை உயர்த்தினால் கோப்பு முறைமை மாறுவதில்லை. புதிதாக நிறுவினால் மாறிவிடும். நீங்கள் வட்டை மாற்றிப் புதிதாக நிறுவியதால், மென்பொருள் பதிப்போடு கோப்பு முறைமையும் சேர்ந்து மாறியிருக்கிறது. யுஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பைப் படித்தால் அதன் பக்கங்கள் பெரும்பாலும் காலப்போக்கில் இன்ஆக்டிவ் வரிசைக்குப் போய்விடும். எனவே முகப்புப் பக்கம் அவற்றைக் காலி இடமாகவே காட்டும். இசட்எஃப்எஸ் தன் கேஷை, அதாவது ஏஆர்சியை, கெர்னலின் வயர்ட் பகுதிக்குள் வைத்துக்கொள்கிறது; எனவே அதே வேலைக்காக வைத்திருக்கும் அதே வகை நினைவகம் இப்போது பயன்பாடாகக் காட்டப்படுகிறது. முன்பும் உங்கள் கருவி கோப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் இருந்தது. அது கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் ஏஆர்சிக்கான இயல்பு உச்சவரம்பு, மொத்த நினைவகத்தில் 1 ஜிபியைக் கழித்தது அல்லது எட்டில் ஐந்து பங்கு, இவற்றில் எது பெரிதோ அது. உங்கள் 4 ஜிபியில் அது ஏறத்தாழ 3 ஜிபி. ஆகவே இன்று 60 சதவீதம் என்று இருப்பது அடுத்த வாரம் 70 சதவீதத்தைத் தாண்டினால், அதை மட்டும் வைத்துக் கலங்க வேண்டியதில்லை. பதிவுக் கோப்புகள், வரைபடத் தரவுகள், தடைப் பட்டியல்கள் என்று ஃபயர்வாலும் நாள்தோறும் கோப்புகளைப் படித்துக்கொண்டே இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் இயல்புக் கால அட்டவணையில் தினமும் அதிகாலை 3:01 மணிக்கு ஒரு பராமரிப்புப் பணி உண்டு. அது பாதுகாப்புச் சோதனைக்காகக் கோப்பு முறைமை முழுவதையும் ஒருமுறை துழாவும். உங்கள் கருவியில் அது இயங்குமானால், நினைவக வரைபடத்தில் சரியாக அந்த நேரத்தில் ஒரு ஏற்றம் தெரியும். அதற்கும் கசிவுக்கும் தொடர்பில்லை.

இனி நான் அக்கறையோடு சொல்ல விரும்பும் பகுதி. 'கேஷ்தானே, தேவைப்படும்போது விட்டுவிடும்' என்று இதற்குப் பலரும் பதில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. நினைவகம் குறையும்போது ஏஆர்சி சுருங்கும். ஆனால் அது சுருங்குவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒரே மூச்சில் பல நூறு எம்பி கேட்டால், ஏஆர்சி விட்டுக்கொடுப்பதற்குள் கெர்னல் ஸ்வாப்பைத் தேடிப் போகும். ஸ்வாப் பகுதியே இல்லாத சிறு கருவிகளில், அந்தத் தருணத்தில் ஒரு ப்ராசஸைக் கொன்றுவிடும். ஃபயர்வாலில் அப்படி ஒரே மூச்சில் நினைவகம் கேட்கக்கூடியது ஒன்று உண்டு, அதுதான் சுரிக்காட்டா.

சுரிக்காட்டா தன் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிடுவதில்லை. எல்லா விதிகளிலும் உள்ள எழுத்துக் கோவைகளைத் திரட்டி, ஒரே ஓட்டத்தில் தேடுவதற்கான பெரிய அட்டவணைகளை நினைவகத்தில் கட்டிக்கொள்கிறது. விதிகள் கூடக் கூட அந்த அட்டவணைகள் பெருகும். பிஎஃப்சென்ஸில் ஒவ்வோர் இடைமுகத்துக்கும் ஒரு தனிச் சுரிக்காட்டா ப்ராசஸ் ஓடுகிறது. எனவே நீங்கள் வேன், லேன் இரண்டிலும் இயக்கினால் அட்டவணைகளும் இரண்டு பிரதி. இதற்கு மேல், விதிகளைப் புதுப்பிக்கும்போது போக்குவரத்துக் கண்காணிப்பு நிற்காமல் இருப்பதற்காக 'லைவ் ரூல் ஸ்வாப்' என்ற வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், பழைய அட்டவணைகளை வைத்துக்கொண்டே புதியவற்றையும் முழுமையாகக் கட்டி முடித்த பிறகுதான் பழையவை விடுவிக்கப்படும். அந்தச் சில நிமிடங்களுக்கு அட்டவணைகள் பிடித்திருக்கும் நினைவகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். விடுவித்த பிறகும் ப்ராசஸ் அந்த இடம் முழுவதையும் உடனே கெர்னலுக்குத் திருப்பித் தந்துவிடுவதில்லை. ஒரு பகுதியை மறுபயன்பாட்டுக்காகத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

நான் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் இது அப்படியே நடந்தது. அதிகாலையில் இணையம் நின்று போகிறது, சற்று நேரத்தில் தானாக வந்துவிடுகிறது என்றார்கள். நினைவக வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது, ஏற்றம் எல்லாம் படிகளாக இருந்தது. ஒவ்வொரு படியும் விதிப் புதுப்பிப்பு நேரத்தில் விழுந்திருந்தது. கணினிப் பதிவில், நினைவகம் போதாமல் டிஎன்எஸ் சேவையான அன்பவுண்டைக் கெர்னல் நிறுத்திய வரி இருந்தது. இணையம் நிற்கவில்லை, பெயர்களை முகவரியாக மாற்றும் சேவைதான் இறந்திருக்கிறது. நினைவகத்தைக் கேட்டது ஒரு ப்ராசஸ், பலியானது வேறொன்று. 'புதிய பதிப்பில் டிஎன்எஸ் சரியில்லை' என்று அதுவரை அங்கே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். வேன் பக்கத்தில் ஓடும் சுரிக்காட்டாவை நிறுத்திவிட்டு லேன் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேன் பக்கத்தில் அது பார்ப்பதில் பெரும்பகுதி, ஃபயர்வால் விதிகள் எப்படியும் தடுத்துவிடப்போகும் வெளியுலகக் குப்பை. லேன் பக்கத்தில் பார்த்தால், எச்சரிக்கை வரும்போது எந்தக் கணினி என்பதும் உள் முகவரியோடு தெரியும். அலுவலகத்துக்கு அதுதானே வேண்டும். அடுத்து, உங்களிடம் இல்லாத சேவைகளுக்கான விதித் தொகுப்புகளை நீக்குங்கள். தரவுத்தளச் சேவையகமே இல்லாத அலுவலகத்தில் அதற்கான விதிகள் இடத்தை அடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. லைவ் ரூல் ஸ்வாப்பையும் நிறுத்திவிடலாம். புதுப்பிப்பின்போது சுரிக்காட்டா மீண்டும் தொடங்கும் இடைவெளியில் கண்காணிப்பு இருக்காது, ஆனால் ஊழியர் எவரும் இல்லாத நேரத்துக்கு அதை மாற்றி வைத்தால் பெரிய இழப்பில்லை.

பிறகு ஏஆர்சிக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். சிஸ்டம், அட்வான்ஸ்டு, சிஸ்டம் ட்யூனபிள்ஸ் பக்கத்தில் இசட்எஃப்எஸ் ஏஆர்சி உச்ச அளவுக்கான ட்யூனபிளை (மாற்றக்கூடிய அமைவு மதிப்பை) சேர்த்து, மதிப்பாக 536870912 என்று கொடுங்கள். அது பைட்டுகளில் 512 எம்பி. ஃபயர்வாலின் வேலை பாக்கெட்டுகளைக் கடத்துவது. கோப்புச் சேவையகத்தைப் போல ஜிபி கணக்கில் கோப்புக் கேஷ் அதற்குத் தேவைப்படாது. இது சதவீதத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக அல்ல, சுரிக்காட்டா திடீரென்று கேட்கும்போது இடம் முன்கூட்டியே காலியாக இருப்பதற்காக. 8 ஜிபி இருந்து, இத்தகைய கூடுதல் தொகுப்புகள் எதுவும் இல்லாமல் வெறும் ரவுட்டராக ஓடும் கருவி என்றால், இதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

பிஎஃப்பிளாக்கரில் டிஎன்எஸ் பட்டியல்களை அன்பவுண்டின் வழக்கமான முறையில் ஏற்றியிருந்தால் பைத்தான் முறைக்கு மாற்றுங்கள். பெரிய பட்டியல்களுக்கு அது கணிசமாகக் குறைந்த நினைவகமே எடுக்கும். நடப்பு இணைப்புகளை ஃபயர்வால் குறித்து வைக்கும் ஸ்டேட் அட்டவணையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டேட்டுக்கு ஏறத்தாழ 1 கேபி. ஃபயர்வாலைக் கடந்து போகும் ஓர் இணைப்புக்கு உள்ளே வரும் பக்கம் ஒன்று, வெளியேறும் பக்கம் ஒன்று என இரண்டு ஸ்டேட். நாற்பது பேர் சேர்ந்து 10,000 இணைப்புகள் வைத்திருந்தாலும் 20 எம்பிதான். அமைப்புப் பக்கத்தில் தெரியும் நான்கு லட்சம் என்பது வரம்பு மட்டுமே. அதற்கான இடம் முன்கூட்டியே எடுத்துவைக்கப்படுவதில்லை.

இவற்றைச் செய்த பிறகும் கசிவு என்ற ஐயம் இருந்தால், பார்க்க வேண்டிய எண் சதவீதம் அல்ல. வயர்ட் எண்ணிலிருந்து ஏஆர்சி மொத்தத்தைக் கழியுங்கள். உங்களுக்கு இப்போது 1600 கழித்தல் 1050, அதாவது 550 எம்பி; கெர்னல், வலையட்டை இடையகங்கள், பாக்கெட்டுகளை வடிகட்டும் பிஎஃப் எல்லாவற்றுக்கும் சேர்த்து இது இயல்பான அளவே. இந்த வித்தியாசத்தை இரண்டு வாரங்களுக்கு அவ்வப்போது குறித்து வையுங்கள். ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் கசிவில்லை. போக்குவரத்து கூடாமலே அது நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தால் கெர்னல் பக்கம் ஏதோ சரியில்லை. அப்போது விஎம்ஸ்டாட் கட்டளை காட்டும் பட்டியலை இரண்டு வேறு நாள்களில் எடுத்து ஒப்பிட்டால் எந்தப் பகுதி வளர்கிறது என்பது வெளிப்படும். வித்தியாசம் நிலையாக இருந்து ஆக்டிவ் மட்டும் ஏறினால், டாப் பட்டியலை ரெசிடென்ட் (நினைவகத்தில் உண்மையில் இருக்கும்) அளவின்படி வரிசைப்படுத்தி எந்த ப்ராசஸ் என்று பாருங்கள். நிர்வாகப் பக்கங்களை இயக்கும் பிஎச்பி ப்ராசஸ்கள் பல இருக்கும். அவை நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால் அவற்றின் எண்களைக் கூட்டிவிடாதீர்கள், உண்மையைவிடப் பெரிய தொகை வரும். கூடிய 1600 எம்பியில் ஏஆர்சி போக மீதி என்று தொடக்கத்தில் நான் சொன்ன 550 எம்பியில் (இப்போது பார்த்த வயர்ட் வித்தியாசம் வேறு) சுரிக்காட்டாவின் பங்கு எவ்வளவு என்பதையும் இதே பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

தினமும் தானாக மறுதொடக்கம் செய்யும்படி அமைத்துவிடுமாறு சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மறுதொடக்கம் செய்தவுடன் ஏஆர்சி காலியாகி எண் அழகாகத் தெரியும். ஆனால் உண்மையான கசிவு இருந்தால் அதற்கான தடயமும் அதோடு போய்விடும்.

2.5.2 பதிப்புக்குத் திரும்புவது பற்றி: அது ஃப்ரீபிஎஸ்டி 12 வரிசையில் கட்டப்பட்டது, அந்த வரிசைக்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதிலுள்ள பிஎச்பி 7.4-க்கான ஆதரவு அதற்கும் முன்பே, 2022 நவம்பரில் முடிந்தது. 2.7.2 பதிப்பில் எடுத்த அமைவுக் கோப்பைப் பழைய பதிப்பில் மீட்கவும் முடியாது. இடையில் செய்த மாற்றங்களை எல்லாம் கையால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அலுவலகத்தின் வாசலில் நிற்கும் கருவியில், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன மென்பொருளை ஒரு சதவீத எண்ணுக்காக ஏற்றுவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். சுரிக்காட்டாவை இரண்டு இடைமுகங்களிலும் வைத்தே தீர வேண்டும் என்று நிர்வாகம் கருதினால், கருவியில் இன்னொரு 4 ஜிபி நினைவகத்தைச் சேர்க்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்.